எல்.வி.என். படிப்பு: கலிபோர்னியாவின் ஒரு தனியார் செவிலியர் பள்ளியைப் பற்றிய மதிப்பீடு

கலிபோர்னியாவில் எல்.வி.என். என்று அழைக்கப்படும் தொழில்முறைச் செவிலியர் படிப்பை ஒரு தனியார் பள்ளியின் பகல்நேரப் பிரிவில் படித்து முடித்து, உரிமமும் பெற்று, இப்போது ஒரு நீண்டகாலப் பராமரிப்பு இல்லத்தில் பணிபுரிகிறேன். அந்தப் பள்ளி எனக்குக் கொடுத்தது என்ன, கொடுக்கத் தவறியது என்ன, அங்கே சேருவதற்கு முன் ஒருவர் எவ்வளவு தயாராக இருக்க வேண்டும் என்பவற்றை, அதே படிப்பில் சேர யோசித்துக்கொண்டிருக்கும் தமிழர்களுக்காக எழுதுகிறேன். பள்ளியின் பெயரை நான் குறிப்பிடவில்லை. இங்கே சொல்லும் நிறைகளும் குறைகளும் இதே வகையைச் சேர்ந்த வேறு பள்ளிகளிலும் இருக்கக்கூடியவை என்பதால், எந்தப் பள்ளியைப் பார்க்கப் போனாலும் இவற்றை மனத்தில் வைத்துக்கொள்ளலாம். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கைவேலையை மிக நன்றாகக் கற்றுத்தரும் பள்ளி அது, ஆனால் தயாரிப்பில்லாமல் வருபவரைத் தாங்கிப் பிடிக்கும் பள்ளி அல்ல. சேர்க்கையின்போது இதை யாரும் சொல்வதும் இல்லை.

இந்தப் படிப்பின் அளவை முதலில் புரிந்துகொள்ள வேண்டும். கலிபோர்னியாவிலும் டெக்சாஸிலும் எல்.வி.என். என்று சொல்லப்படுவதுதான் அமெரிக்காவின் மற்ற மாநிலங்களில் எல்.பி.என். எனப்படுகிறது. கலிபோர்னிய விதிகளின்படி இந்தப் படிப்புக்குக் குறைந்தது 1,530 மணி நேரம் தேவை. அதில் 576 மணி நேரம் பாட வகுப்பு. 954 மணி நேரம் செய்முறைப் பயிற்சி. மருந்தியலுக்கு மட்டும் குறைந்தது 54 மணி நேரம் ஒதுக்கப்பட வேண்டும். முழுநேரமாகப் படித்தால் ஏறத்தாழ ஓராண்டில் முடிந்துவிடும் என்பதால் இதை எளிய படிப்பு என்று பலர் எண்ணிவிடுகிறார்கள். அந்த ஓராண்டுக்குள் உடற்கூறு, சத்துணவு, மருந்தியல், உள்மருத்துவமும் அறுவை மருத்துவமும் சார்ந்த செவிலியம், மகப்பேறு, குழந்தைகள் நலம், மனநலம் என அத்தனையும் அடங்க வேண்டும் என்பதை எண்ணிப் பார்த்தால், வேகம் எப்படியிருக்கும் என்பது விளங்கும். எங்கள் பள்ளி வருகைப் பதிவில் காட்டிய கண்டிப்புக்கும் இதுவே காரணம். தவறவிட்ட மணி நேரத்தைப் பள்ளி நினைத்தாலும் மன்னிக்க முடியாது. அதை வேறொரு நாளில் வந்து நிறைவுசெய்தே ஆக வேண்டும். குழந்தைக்குக் காய்ச்சல் என்று ஒரு நாள் வராமல் இருந்தவர், பின்னர் ஒரு சனிக்கிழமையை அதற்காகக் கொடுக்க வேண்டியிருந்தது. இதைப் பள்ளியின் குறையாக நான் கருதவில்லை.

சேர்க்கை அலுவலகத்தைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் இல்லை. கட்டணம் எனக்கு முப்பதாயிரம் டாலரைத் தாண்டியது. முதல் சந்திப்பில் சொல்லப்பட்ட தொகையில் சீருடை, ஸ்டெதாஸ்கோப் அடங்கிய கருவிப் பை, இணையவழிப் பாடத் தொகுப்பு, கைரேகைப் பதிவு, தடுப்பூசிகளுக்கான இரத்தப் பரிசோதனை ஆகியவை சேர்க்கப்படவில்லை. அவை ஒவ்வொன்றாகப் பின்னால் வந்தன. கேட்டால் சொன்னார்கள், கேட்காவிட்டால் சொல்லவில்லை. அரசின் சமுதாயக் கல்லூரிகளில் கலிபோர்னியாவில் வசிப்பவருக்குப் பாடத்தின் ஓர் அலகுக்கு (யூனிட்) 46 டாலர்தான் கட்டணம். ஐம்பது அலகு என்று கொண்டாலும் படிப்புக் கட்டணம் 2,300 டாலருக்குள் அடங்கிவிடும். அப்படியிருந்தும் பலர் தனியார் பள்ளிக்கு வருவதற்குக் காரணம், சமுதாயக் கல்லூரியில் இடம் கிடைக்கக் காத்திருக்க நேர்வதும், அங்கே கேட்கப்படும் முன்தகுதிப் பாடங்களை முடிக்கவே காலம் ஆவதும்தான். நானும் காத்திருக்க இயலாத நிலையில்தான் சேர்ந்தேன். காத்திருக்க இயன்றவர் காத்திருப்பதே நல்லது என்பது என் கருத்து.

தனியார் பள்ளியில் கையெழுத்திடுவதற்கு முன் பார்க்க வேண்டியவை இரண்டு. மாநிலச் செவிலியர் வாரியம், தான் அங்கீகரித்த ஒவ்வொரு பள்ளியிலும் முதல்முறை உரிமத் தேர்வு எழுதியவர்களில் எத்தனை சதவீதத்தினர் தேறினர் என்பதை வெளியிடுகிறது. அந்த ஆண்டுச் சராசரி, மாநிலச் சராசரியைவிடப் பத்து சதவீதப் புள்ளிக்கு மேல் தாழக் கூடாது என்பது விதி. ஒரே ஓர் ஆண்டைப் பார்த்து முடிவெடுக்காமல் பல ஆண்டுகளின் போக்கைப் பார்க்க வேண்டும். எத்தனை பேர் தேர்வெழுதினார்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். சிலரே எழுதி எல்லோரும் தேறிய பள்ளியின் நூறு சதவீதத்துக்குப் பின்னால், இடையிலேயே விலகிப்போன பலர் இருக்கலாம். அவர்களைத் தெரிந்துகொள்ளத்தான் இரண்டாவது ஆவணம் உதவுகிறது. தனியார் உயர்கல்வி நிறுவனங்களைக் கண்காணிக்கும் மாநிலப் பிரிவு, ஒவ்வொரு பள்ளியும் செயல்திறன் விவரத் தாள் ஒன்றைச் சேர்க்கைக்கு முன்பே மாணவரிடம் கொடுக்க வேண்டும் என்கிறது. குறித்த காலத்தில் படிப்பை முடித்தவர்கள் எத்தனை பேர் என்பது அதில் இருக்கும். எனக்கு அந்தத் தாள் ஒரு பெரிய கட்டுக்குள் வைத்துத் தரப்பட்டது. கையெழுத்திட வேண்டிய இடங்களில் ஒட்டுத்தாள் ஒட்டியிருந்தார்களே தவிர, படித்துப் பாருங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. முதல் வகுப்பு நடக்கும் நாள் வரையோ, சேர்ந்ததிலிருந்து ஏழாம் நாள் வரையோ, இவற்றில் எது பிந்தியதோ அதுவரை சேர்க்கையை ரத்து செய்யும் உரிமை மாணவருக்கு உண்டு என்பதையும் நானாகப் படித்தே தெரிந்துகொண்டேன்.

நுழைவுத் தேர்வாக எங்கள் பள்ளி டீஸ் தேர்வைக் கேட்டது. வாசிப்பு, கணிதம், அறிவியல், ஆங்கிலம் ஆகிய நான்கு பகுதிகளில் 170 கேள்விகள். மொத்தம் 209 நிமிடங்கள். பள்ளி கேட்ட மதிப்பெண் உயர்ந்தது அல்ல. அந்த மதிப்பெண்ணை எட்டியதாலேயே படிப்புக்குத் தயாராகிவிட்டதாக எண்ணியவர்கள்தான் முதல் பருவத்தில் மிகவும் தடுமாறினார்கள். நுழைவுத் தேர்வில் உடற்கூறு பற்றி வரும் சில கேள்விகளுக்கு மனப்பாடம் போதும். வகுப்பில் அது போதாது. இதயத்தின் வலப்புறம் சோர்ந்தால் கால் வீங்குவதும், இடப்புறம் சோர்ந்தால் நுரையீரலில் நீர் கோப்பதும் ஏன் என்று தன் சொந்தச் சொற்களில் சொல்லத் தெரிந்தவருக்குத்தான் இதயநோய்ப் பாடம் விளங்கும். இரத்த ஓட்டத்தின் வழி தெரியாமல் அந்த வகுப்பில் உட்கார்ந்தவர்கள் அறிகுறிகளைப் பட்டியலாக உருப்போட்டு, அடுத்த வாரமே மறந்தார்கள். சேர்வதற்கு முன் கிடைக்கும் மாதங்களில் இதயம், நுரையீரல், சிறுநீரகம் ஆகிய மூன்றையும், உடலின் நீரும் உப்புகளும் எப்படிச் சமநிலையில் நிற்கின்றன என்பதையும் நிதானமாகப் படித்துவிட்டு வந்தால், பாதிப் படிப்பு இலேசாகும். சோடியம் 135 முதல் 145 வரை, பொட்டாசியம் 3.5 முதல் 5 வரை என்ற இயல்பளவுகள் முதல் நாளிலேயே நாவில் இருந்தால் நல்லது. ஆசிரியர்கள் அவற்றை அறிந்தவர்களாகவே நம்மை நடத்துகிறார்கள்.

வெளிநாட்டில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர்களிடம், அந்தச் சான்றிதழை இங்கே மதிப்பிட்டு வாங்கி வரும்படி பள்ளி கேட்டது. அதற்கு வாரக்கணக்கில் ஆகும் என்பதால், சேர முடிவெடுத்தவுடன் தொடங்கிவிட வேண்டிய வேலை அது. ஹெபடைட்டிஸ் பி, தட்டம்மை, சின்னம்மை ஆகியவற்றுக்கான எதிர்ப்புச் சக்திப் பரிசோதனையும், காசநோய்ப் பரிசோதனையும், உயிர்காக்கும் முதலுதவிச் சான்றிதழும் அப்படியே. ஹெபடைட்டிஸ் பி ஊசியின் முழுத் தொடரை எடுக்கப் பொதுவாக ஆறு மாதம் பிடிக்கும்.

இனி, இந்தப் பள்ளியை நான் மனமாரப் பாராட்டும் இடத்துக்கு வருகிறேன். அதன் செய்முறைக் கூடம் பார்வைக்குச் சாதாரணமானது: வரிசையாகச் சில கட்டில்கள், பயன்படுத்திப் பயன்படுத்தித் தோல் நிறம் மங்கிய பயிற்சிப் பொம்மைகள், ஒரு மருந்து வண்டி. நான் சென்று பார்த்த வேறொரு பள்ளியில் கூடம் பளபளப்பாக இருந்தது, ஆனால் கூடம் திறந்திருக்கும் நேரம் மிகக் குறைவு. எங்கள் பள்ளியிலோ வகுப்பு முடிந்த பிறகும் கூடம் திறந்திருக்கும். ஒரு பயிற்றுநர் அங்கேயே இருப்பார். படிப்பின் தரத்தைத் தீர்மானிப்பது பொம்மையின் விலை அல்ல, அதன் அருகில் நின்று நம் கையைப் பார்ப்பவரின் கவனம்தான் என்று அங்கேதான் உணர்ந்தேன்.

இரத்த அழுத்தம் பார்க்கக் கற்றுத் தந்த முறையை எடுத்துக்கொள்ளலாம். இரண்டு பேர் ஒரே நேரத்தில் கேட்கும்படி இரண்டு சோடிக் காதுக்குழாய்கள் கொண்ட ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக்கொண்டு, பயிற்றுநர் எங்கள் ஒவ்வொருவருடனும் அமர்வார். முதல் ஒலி கேட்கும் இடத்தையும் ஒலி மறையும் இடத்தையும் நாங்களும் அவரும் தனித்தனியே தாளில் எழுதி, பிறகு ஒப்பிடுவோம். அவருடைய எண்ணிலிருந்து நான்குக்கு மேல் விலகியிருந்தால் மறுபடியும் பார்க்க வேண்டும். கைப்பட்டை சிறியதாக இருந்தால் அழுத்தம் கூடுதலாகக் காட்டும், பெரியதாக இருந்தால் குறைத்துக் காட்டும் என்பதை வாயால் சொல்லாமல், ஒரே கையில் இரண்டு அளவுப் பட்டைகளைக் கட்டி, எங்களையே எண்ணைப் படிக்கவைத்தார். மருத்துவர் மருந்தைக் கூட்டுவதும் குறைப்பதும் நாம் எழுதித் தரும் அந்த எண்ணை நம்பித்தான் என்பதை அவர் திரும்பத் திரும்ப நினைவூட்டியதால், அனுமானமாக ஓர் எண்ணை எழுதும் பழக்கம் எங்களில் யாருக்கும் ஒட்டவில்லை.

கிருமி நீக்கிய கையுறை அணிவதும், சிறுநீர்க் குழாய் பொருத்துவதும், தொண்டைத் துளையில் சளியை உறிஞ்சி எடுப்பதும் இதே கண்டிப்புடன்தான் நடந்தன. சிறுநீர்க் குழாய் பொருத்தும் தேர்வில், எல்லாப் படிகளையும் சரியாகச் செய்துகொண்டு வந்த ஒரு மாணவியின் முழங்கை, விரித்த துணியின் ஓரத்தில் உரசியது. வேறு யாரும் கவனிக்கவில்லை. அந்தப் பெண் தானாகவே நிறுத்தி, பொருட்கள் மாசுபட்டுவிட்டன, புதிய பெட்டி வேண்டும் என்று சொன்னார். பயிற்றுநர் அவருக்கு அந்த இடத்திலேயே முழு மதிப்பெண் கொடுத்து, மீண்டும் தொடங்கச் சொன்னார். கண்ணுக்குத் தெரியாத கிருமியைப் பற்றிய படிப்பில், யாரும் பார்க்காதபோது நேர்மையாக இருப்பதும் ஒரு திறன் என்று அந்தப் பள்ளி மதித்தது. இந்த ஒன்றுக்காகவே அந்தப் பள்ளியின் மீது எனக்குப் பெரிய மரியாதை உண்டு.

மருந்தியல் வகுப்பைப் பற்றி அப்படிச் சொல்ல முடியவில்லை. பருவத்தின் நடுவில் ஆசிரியர் மாறினார். புதிதாக வந்தவர் திரையில் இருந்ததை அப்படியே வாசித்தார். கேள்வி கேட்டால் அடுத்த வகுப்பில் சொல்வதாகச் சொல்வார். தேர்வுத் தாளோ எங்கோ வாங்கிய கேள்வித் தொகுப்பிலிருந்து வந்தது. வகுப்பில் பேசியதற்கும் அதற்கும் தொடர்பு குறைவு. விதிப்படி வேண்டிய மணி நேரம் நிறைவேறியது உண்மைதான். ஆனால் அதற்காக நான் செலுத்திய பணத்துக்கு ஈடான கற்பித்தல் கிடைக்கவில்லை என்றே சொல்வேன். மாணவர் பிரதிநிதிகள் எழுத்து மூலம் புகார் கொடுத்த பிறகு, கூடுதலாக மறுபார்வை வகுப்புகள் வைத்தார்கள். அவை பயன்பட்டன, ஆனால் தாமதமாக வந்தன.

எங்களைக் காப்பாற்றியது நாங்களே கூடிப் படித்த முறைதான். மருந்துகளைத் தனித்தனியாக உருப்போடாமல் குடும்பம் குடும்பமாகப் பிரித்துக்கொண்டோம். மெட்டோப்ரொலால், அட்டினலால் என்று ஒரே ஒலியில் முடியும் மருந்துகள் இதயத் துடிப்பைக் குறைப்பவை; எனவே கொடுப்பதற்கு முன் நாடித் துடிப்பையும் இரத்த அழுத்தத்தையும் பார்க்க வேண்டும். இரத்த அழுத்த மருந்தான லிசினோப்ரில் போன்றவை வறட்டு இருமலைத் தரலாம்; பொட்டாசியத்தை உயர்த்தலாம். இப்படி ஒரு குடும்பத்துக்கு ஒரு செயல், ஒரு ஆபத்து, கொடுப்பதற்கு முன் பார்க்க வேண்டிய ஒன்று, நோயாளியிடம் சொல்ல வேண்டிய ஒன்று என நான்கை மட்டும் அட்டையில் எழுதி, ஒருவர் கேட்க மற்றவர் சொல்வோம். தனியாகப் படித்தவர்களைவிட இப்படிக் கூடிப் படித்தவர்களே நன்றாகத் தேறினார்கள்.

மருந்தளவுக் கணக்கு மட்டும் வேறு ஆசிரியரிடம் இருந்தது, அவர் சிறந்தவர். நூற்றுக்குத் தொண்ணூறு எடுக்காவிட்டால் மருத்துவமனைப் பயிற்சிக்கு அனுப்ப மாட்டார்கள். கணக்குகள் கடினமானவை அல்ல. ஆயிரம் மில்லிலிட்டர் திரவம் எட்டு மணி நேரத்தில் ஏற வேண்டும், குழாயில் ஒரு மில்லிலிட்டருக்குப் பதினைந்து சொட்டு என்றால், நிமிடத்துக்கு எத்தனை சொட்டு? எட்டு மணி நேரம் என்பது 480 நிமிடம். ஆயிரத்தை அதனால் வகுத்துப் பதினைந்தால் பெருக்கினால் 31.25, பாதிச் சொட்டை எண்ண முடியாது என்பதால் 31. பள்ளிக்கூடக் கணக்குதான். ஆனால் பல ஆண்டுகளாகக் கணக்கைத் தொடாத நடுவயதினருக்கு இது பெரும் அச்சத்தைத் தந்தது. விடை சரியா என்று பார்ப்பதற்கு முன், இது நடைமுறையில் பொருந்தும் அளவா என்று யோசிக்க அந்த ஆசிரியர் பழக்கினார். ஒரு வேளைக்குப் பதினெட்டு மாத்திரை என்று விடை வந்தால் கணக்கில் எங்கோ தவறு என்பதைக் கணக்கே தெரியாதவரும் கண்டுபிடிக்க முடியும் அல்லவா? சேர்வதற்கு முன்பே பின்னம், தசமம், விகிதம், பவுண்டிலிருந்து கிலோவுக்கு மாற்ற 2.2 ஆல் வகுப்பது ஆகியவற்றைத் தினமும் சிறிது நேரம் போட்டுப் பழகினால் இந்த அச்சம் இருக்காது.

மருத்துவமனைப் பயிற்சியைப் பற்றிச் சேர்க்கையின்போது கொடுத்த வாக்கும் நடந்ததும் வேறு. பெரிய மருத்துவமனைகளின் பெயர்களை அடுக்கிச் சொன்னார்கள். எங்கள் பயிற்சியின் பெரும்பகுதி நீண்டகாலப் பராமரிப்பு இல்லங்களில்தான் நடந்தது. மகப்பேறு, குழந்தைகள் நலப் பிரிவுகளில் கிடைத்த நேரம் சொற்பம். ஒருமுறை ஓர் இடம் கடைசி நேரத்தில் கைவிட்டதால், பயிற்சி அட்டவணை முழுவதும் மாறி, வேலைக்குப் போய்க்கொண்டே படித்தவர்கள் திண்டாடினார்கள். எல்.வி.என். உரிமம் பெற்றவர்களில் பலர் இத்தகைய இல்லங்களில்தான் வேலைக்குச் சேர்கிறார்கள் என்பதால், அந்தப் பயிற்சி வீணானது என்று சொல்ல மாட்டேன். ஆனால் எந்த இடங்களுடன் இப்போது ஒப்பந்தம் நடைமுறையில் இருக்கிறது, ஒவ்வொன்றிலும் எத்தனை வாரம் என்பதை எழுத்தில் கேட்டு வாங்காமல் யாரும் கையெழுத்திடக் கூடாது. அலுவலரிடம் கேட்பதைவிட, அப்போது படித்துக்கொண்டிருக்கும் மாணவர் ஒருவரிடம் கேட்பது மேல்.

இடம் எதுவானாலும், பயிற்றுநர்கள் உடன் இருந்தார்கள். ஒரு பயிற்றுநருக்குப் பதினைந்து மாணவர்களுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது விதி. எங்கள் குழுவில் அதைவிடக் குறைவாகவே இருந்தோம். மருந்து வண்டியின் முன் நிற்கும்போது எங்கள் பயிற்றுநர் கேட்கும் கேள்விகளை இன்றும் பணியில் எனக்கு நானே கேட்டுக்கொள்கிறேன். டைகாக்சின் என்ற இதய மருந்து மாத்திரையைக் கையில் எடுத்த மாணவரிடம், இந்த நோயாளிக்கு இது ஏன், கொடுப்பதற்கு முன் என்ன பார்த்தாய், பொட்டாசியம் எவ்வளவு என்று கேட்பார். மார்பின் மேல் ஸ்டெதாஸ்கோப் வைத்து முழு ஒரு நிமிடம் துடிப்பை எண்ணி, அறுபதுக்குக் கீழே இருந்தால் மருந்தை நிறுத்திவைத்துத் தெரிவிக்க வேண்டும். அரை நிமிடம் எண்ணி இரட்டித்தவரை அவர் மீண்டும் நோயாளியிடம் அனுப்பினார். காரணம் சொல்ல முடியாத மருந்தை எவர் கையாலும் கொடுக்க விடவில்லை. அப்போது அது கடுமையாகத் தோன்றியது உண்மை. பொட்டாசியம் குறைந்த உடலில் டைகாக்சின் நஞ்சாக மாறும் வாய்ப்பு கூடும் என்று தெரிந்த பிறகு அந்தக் கடுமைக்கு நன்றி சொல்லத் தோன்றுகிறது.

இந்தப் பயிற்சியில் நன்றாகச் செய்தவர்களில் பலர், முன்பே செவிலிய உதவியாளராக வேலை பார்த்தவர்கள். கலிபோர்னியாவில் அந்தச் சான்றிதழுக்கு 60 மணி நேர வகுப்பும் 100 மணி நேரப் பயிற்சியும் போதும். படுக்கையில் இருப்பவரைத் திருப்பிப் படுக்க வைப்பதும், குளிப்பாட்டுவதும், மறதி நோயுள்ளவரிடம் பொறுமையாகப் பேசுவதும் அவர்களுக்குக் கைவந்திருந்ததால், மற்றவர்கள் கூச்சத்துடனும் பயத்துடனும் போராடிக்கொண்டிருந்தபோது அவர்கள் மருந்தையும் அறிகுறியையும் கவனித்தார்கள். இந்த வேலை தமக்கு ஒத்துவருமா என்ற ஐயம் உள்ளவர், முப்பதாயிரம் டாலரைச் செலவிட்டுத் தெரிந்துகொள்வதைவிட, முதலில் உதவியாளராகச் சில மாதம் வேலை பார்த்துத் தெரிந்துகொள்வது எவ்வளவோ மேல்.

உரிமத் தேர்வான என்கிளெக்ஸ்-பி.என். தேர்வுக்குப் பள்ளி செய்த தயாரிப்பு ஓரளவு நன்று. இது நம் விடைக்கு ஏற்பக் கேள்வியின் கடினத்தைக் கூட்டியும் குறைத்தும் கொடுக்கும் கணினித் தேர்வு. குறைந்தது 85 கேள்விகள், அதிகபட்சம் 150. ஐந்து மணி நேரம். 2023 ஏப்ரலிலிருந்து நடைமுறைக்கு வந்த புதிய வடிவத்தில், ஒரு நோயாளியின் குறிப்பேட்டைக் காட்டி, அதைச் சுற்றி ஆறு கேள்விகள் கேட்கும் பகுதிகள் உண்டு. எந்தத் தகவல் முக்கியம், அது எதைக் காட்டுகிறது, எது அவசரம், என்ன செய்யலாம், எதைச் செய்வாய், செய்தபின் பலன் கிடைத்ததா என்ற வரிசையில் அவை செல்லும். எங்கள் பள்ளி இந்த வரிசையை மருத்துவமனைப் பயிற்சியின் மாலைக் கலந்துரையாடலிலேயே பழக்கியது. அன்று நாங்கள் பார்த்த நோயாளி ஒருவரை எடுத்துக்கொண்டு, இந்த ஆறு கேள்விகளுக்கும் வாய்விட்டு விடை சொல்ல வேண்டும்.

இந்தத் தேர்வில் தமிழர்கள் உட்பட, மனப்பாடத்தில் வலிமையான பலர் தவறும் இடம் முன்னுரிமைக் கேள்விகள்தான். நான்கு நோயாளிகளில் யாரை முதலில் பார்ப்பாய் என்று கேட்பார்கள். ஒருவர் அறுவை சிகிச்சை முடிந்து வலி என்கிறார். ஒருவருக்கு இரத்தச் சர்க்கரை சற்றுக் கூடியிருக்கிறது. ஒருவர் வீட்டுக்குப் போகக் காத்திருக்கிறார். தைராய்டு அறுவை சிகிச்சை செய்துகொண்ட நான்காமவர், உதட்டைச் சுற்றி மரத்துப்போனது போல் இருக்கிறது என்று சாதாரணமாகச் சொல்கிறார். உரக்கச் சொல்பவரிடம்தான் மனம் ஓடும். ஆனால் அந்த அறுவை சிகிச்சையில் அருகிலுள்ள பாராதைராய்டு சுரப்பிகள் பாதிக்கப்பட்டால் கால்சியம் இறங்கும். உதட்டு மரமரப்பு அதன் முதல் அறிகுறி. அது முற்றினால் குரல்வளை இறுகி மூச்சு அடைபடலாம். ஆகவே நான்காமவரிடம்தான் முதலில் செல்ல வேண்டும். ஒவ்வொரு விடைக்கும், அது ஏன் சரி என்பதோடு மற்ற மூன்றும் ஏன் தவறு என்பதையும் எழுதிப் படித்தவர்களுக்கே இந்தக் கேள்விகள் வசப்பட்டன. கேள்விகளின் எண்ணிக்கையைக் கூட்டிக்கொண்டே போனவர்களுக்கு அந்தப் பலன் கிடைக்கவில்லை.

இதில் பள்ளியின் நடத்தை ஒன்றைக் குறிப்பிட்டாக வேண்டும். பாடங்கள் அனைத்திலும் தேறிய பிறகும், பள்ளி வைக்கும் மாதிரித் தேர்வில் குறித்த மதிப்பெண் எடுத்தால்தான் படிப்பு முடிந்ததற்கான ஆவணத்தை வாரியத்துக்கு அனுப்புவோம் என்றார்கள். அந்த மாதிரித் தேர்வு நல்ல தேர்வு. நமது பலவீனமான பாடங்களை அது சரியாகக் காட்டியது. ஆனால் அந்த நிபந்தனை சேர்க்கையின்போது எடுத்துச் சொல்லப்படவில்லை. கையேட்டின் உட்பக்கங்களில் ஒரு வரியாக இருந்தது. பள்ளி தன் தேர்ச்சி விகிதத்தைக் காத்துக்கொள்ள விரும்புவது புரிகிறது. பணமும் ஓராண்டு உழைப்பும் கொடுத்து முடித்தவரை வாசலில் நிறுத்திவைப்பதானால், அதை முதல் நாளே தெளிவாகச் சொல்லும் கடமை அதற்கு உண்டு. எங்கள் வகுப்பில் சிலர் இதனால் மாதக்கணக்கில் காத்திருந்தார்கள். இதற்கிடையே படித்தது மறக்கத் தொடங்கியது. படிப்பு முடிந்த சூட்டோடு தேர்வெழுதுவதே நல்லது. தவறினால் மறுபடி எழுத 45 நாள் பொறுக்க வேண்டும்.

நூலகம் சிறியது, கணினிகள் பழையவை. மாணவர் ஆலோசகர் கனிவானவர், ஆனால் எல்லாப் பிரிவுகளுக்கும் அவர் ஒருவர்தான். வேலைவாய்ப்பு உதவி என்று விளம்பரத்தில் இருப்பது, நடைமுறையில் சில இல்லங்களின் தொலைபேசி எண்கள் கொண்ட ஒரு தாள்.

உரிமம் பெற்ற பிறகு எல்.வி.என். என்ன செய்யலாம், எதைச் செய்யக் கூடாது என்பதை இந்தப் பள்ளி தெளிவாகக் கற்றுத் தந்தது. கலிபோர்னியாவில் தனிச் சான்றிதழ் பெற்ற எல்.வி.என். இரத்தக் குழாய் வழியே திரவமும் இரத்தமும் ஏற்றலாம்; இரத்தக் குழாய் வழியே மருந்துகளைக் கொடுப்பது பொதுவாக அனுமதிக்கப்பட்டதல்ல. ஆர்.என். எனப்படும் பதிவுபெற்ற செவிலியராக உயர விரும்புவோருக்கு, முப்பது அலகு பாடங்களைப் படித்து உரிமம் பெறும் முப்பது அலகு வழி என்ற ஒன்று சட்டத்தில் உள்ளது. ஆனால் அவ்வழியே பெறும் உரிமத்தைப் பிற மாநிலங்கள் பொதுவாக ஏற்பதில்லை என்பதால், வேறு மாநிலத்துக்குக் குடிபெயரும் எண்ணம் இருப்பவர் பட்டம் தரும் இணைப்புப் படிப்பையே நாட வேண்டும். இதை எங்களுக்கு எடுத்துச் சொன்னதும் சேர்க்கை அலுவலகம் அல்ல, செய்முறைக் கூடத்துப் பயிற்றுநர்தான்.

உடற்கூறும் கணக்கும் முன்பே படித்தவர், நோயாளியின் படுக்கையருகே நின்று பழகியவர், ஓராண்டுக்கு வேலை நேரத்தைக் குறைத்துக்கொள்ள வீட்டாரின் ஆதரவு உள்ளவர் ஆகியோருக்கு இந்தப் பள்ளியை நான் தயங்காமல் பரிந்துரைப்பேன். முழுநேர வேலையை விடாமல் மாலைப் பிரிவில் சேர எண்ணுபவர், அதே செய்முறைக் கூடம் அவர்களுடைய வகுப்பு முடியும் நேரத்தில் மூடப்பட்டுவிடுகிறது என்பதையும், பகல் பிரிவுக்குக் கிடைக்கும் கூடுதல் பயிற்சி அவர்களுக்குக் கிடைப்பதில்லை என்பதையும் அறிந்து சேர வேண்டும். கட்டணம் இரு பிரிவுக்கும் ஒன்றே.